ம் கொட்டும் காது

ஒருவர் கதை சொன்னால் எதிரில் இருப்பவர் ‘ம்’ கொட்ட வேண்டும். எங்கள் வீட்டில் இது சாப்பிடும் முன் கை கழுவுவது மாதிரி, யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொட்டாவிட்டால் சொல்கிறவருக்குக் கோபம் வந்துவிடும், பாதியிலேயே எழுந்து போய்விடுவார். இந்தப் பழக்கத்தோடுதான் நான் பாட்காஸ்ட் கேட்க ஆரம்பித்தேன். பஸ்ஸில் என் மானம் போனதும் அதனால்தான்.

எங்கள் வீடு செகந்திராபாத்தில், சைனிக்புரியில். போலாரத்தில் ஒரு பள்ளியின் அலுவலகத்தில் எனக்கு வேலை. பஸ் மாறித்தான் போக வேண்டும். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் இரண்டு காதிலும் இயர்பட்ஸைச் செருகிக்கொண்டு, உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் யாரோ ஒருத்தி பேசுவதைக் கேட்டபடி, "ம்… ம்… அட!" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போவேன். ஒரு நாள் பக்கத்து சீட்டுப் பெண்மணி என் கையைத் தட்டி, "உங்க வீட்டுக்காரர் ரொம்பப் பேசுவார் போலிருக்கே, உங்களுக்குப் பொறுமை ஜாஸ்தி" என்று உருதுவில் அனுதாபப்பட்டாள். நான் சிரித்துவிட்டேன். வீட்டுக்காரர் நிறையப் பேசுவார், அது உண்மை. அவரிடம் இல்லாதது கேட்கிற பழக்கம்தான்.

அவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய குடும்பமும் என்னுடையதும் வெள்ளைக்காரன் காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து செகந்திராபாத்துக்கு வந்தவை. அதனால் எங்கள் தமிழில் பாதி வேலூர், பாதி ஹைதராபாத். இங்கே ‘ஆமாம்’ என்பதற்கு ‘ஹவ்’ என்பார்கள். என் கணவர் ‘ம்’ கொட்ட வேண்டிய இடத்திலெல்லாம் ‘ஹவ்’ போடுவார். அதுவும் பேப்பருக்குப் பின்னாலிருந்து. ஒரு தடவை சோதித்துப் பார்த்தேன்.

"ஏங்க, மொட்டை மாடியில ஒட்டகம் நிக்குது."

"ஹவ்."

"இறக்கி விட்டுடட்டுமா?"

"ஹவ், ஹவ்."

கல்யாணமான நாளிலிருந்து இந்த ‘ஹவ்’வோடுதான் நான் குடித்தனம் நடத்துகிறேன். என் பேச்சைக் கேட்க இந்த வீட்டில் ஆள் இல்லை என்று எப்போதோ முடிவு கட்டிவிட்டேன். நான் சொல்வதைக் கேட்கத்தான் ஆளில்லை, நான் கேட்பதற்காவது யாராவது பேசினால் போதும் என்றிருந்த நேரத்தில்தான் பாட்காஸ்ட் வந்தது.

கொண்டுவந்தவள் என் மகள். ஒரே மகள். ஊரின் மறுகோடியில், கொண்டாப்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள், அங்கேயே ஒரு ஃபிளாட்டில் இருக்கிறாள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள், இங்கிலீஷில் கேட்டால் தெலுங்கில் சொல்வாள். தமிழ் அவளுக்கு நன்றாகப் புரியும், வாயில்தான் வராது. "மம்மி, யூ நீட் திஸ்" என்று இயர்பட்ஸை வாங்கிக் கொடுத்து, ஃபோனில் எதையோ தட்டி, சில நிகழ்ச்சிகளை ஏற்றிவிட்டாள். பக்திச் சொற்பொழிவும் சமையல் குறிப்பும் என்று நினைத்துத்தான் திறந்தேன்.

வந்தது பாசி. ஓயாமல் மழை பெய்யும் ஏதோ ஒரு தீவிலிருந்து ஒரு பெண்மணி இங்கிலீஷில் பேசுகிறாள். அவளுக்கு வேலை வேறு. பாசி பார்ப்பது பொழுதுபோக்கு. ஒரு மணி நேரம் முழுக்க அவள் பாசியைப் பற்றி மட்டும் பேசினாள். அதற்கு வேர் கிடையாதாம். வெயிலில் கருகிச் சுருண்டு செத்ததுபோலக் கிடக்குமாம். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் போதும், உங்கள் கண்ணெதிரிலேயே விரியும், பச்சையாகும் என்றாள். கதை விடுகிறாள் என்றுதான் நினைத்தேன். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்பக்கக் காம்பவுண்டுச் சுவரிடம் போனேன். அங்கே கறுப்பாக ஏதோ அப்பியிருக்கும். சுண்ணாம்பு அடிக்கும்போதெல்லாம் சுரண்டிப் போடச் சொல்வேன். அதன் மேல் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றிவிட்டு நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். கறுப்பு மெல்ல மெல்லப் பழுப்பானது, பழுப்பு பச்சையானது. குனிந்து பார்த்தால் ஒவ்வொரு நூலும் சோம்பல் முறிப்பதுபோல நிமிர்கிறது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இத்தனை வருஷம் இதைச் சுரண்டிக் குப்பையில் போட்டிருக்கிறேன்!

நான் பி.காம். படித்தவள். பரீட்சைக்கு இல்லாமல் எதையும் படித்ததாக நினைவில்லை. உபயோகம் இல்லாத ஒன்றை ஒரு மனுஷி இத்தனை ஆசையாகத் தெரிந்துவைத்திருப்பாள், அதை முன்பின் தெரியாத என்னிடம் வந்து சொல்வாள் என்பதே எனக்குப் புதுசு. அவளை யார் கேட்டார்கள்? பீஸ் கட்டினேனா, அட்டெண்டன்ஸ் இருக்கிறதா? அதற்குப் பிறகு நான் தேடித் தேடிக் கேட்க ஆரம்பித்தேன். எறும்பு வளர்க்கிறவர் ஒருவர். அவர் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார், நடுவில் குக்கர் விசில் அடித்தால் மன்னிப்புக் கேட்பார். பழைய பூட்டுகளைத் திறந்து திறந்து மூடுவதையே வாழ்க்கையின் இன்பமாக வைத்திருந்த இளைஞன் ஒருவன். அவன் பூட்டு திறக்கும்போது ‘க்ளிக்’ என்று ஒரு சத்தம் வரும், உடனே அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்பைக் கேட்பதற்காகவே நான் அவனைக் கேட்டேன். பூட்டைப் பற்றி எனக்கு என்ன அக்கறை?

தமிழிலும் ஒருவர் இருந்தார், கல்லைப் பற்றிப் பேசும் வாத்தியார். ஹைதராபாத்தில் நாம் பார்க்கும் பெரிய பெரிய பாறைகளை யாரும் கொண்டுவந்து அடுக்கவில்லை, எங்கிருந்தும் உருண்டும் வரவில்லை, அவை நிற்கிற இடத்திலேயே பூமிக்கடியில் உறைந்தவை, மேலே இருந்த மண்ணெல்லாம் தேய்ந்து போன பிறகு வெளியே தெரிகின்றன என்றார். வயது இருநூற்றைம்பது கோடி வருஷத்தை ஒட்டி இருக்குமாம். நான் பிறந்து வளர்ந்த ஊர். சின்ன வயதில் அந்தப் பாறைகளின் மேல் சறுக்கிப் பாவாடையைக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வார்த்தை தெரியாது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்குக் காரில் போனோம். கொண்டாப்பூருக்குள் நுழைந்ததும் இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே ஒரு பாறை, ஏதோ டியூஷன் சென்டர் விளம்பரத்தை நெற்றியில் பூசிக்கொண்டு நின்றது.

"கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க" என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"அந்தக் கல்லைத் தொட்டுப் பாக்கணும்."

என் கணவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆனாலும் நிறுத்தினார். நான் இறங்கிப் போய் உள்ளங்கையைப் பாறையில் வைத்தேன். சூடாக இருந்தது. எனக்கு முன்னால் இருந்த எல்லாருக்கும் முன்னால், மனுஷன் என்று ஒருவன் வருவதற்கு எவ்வளவோ முன்னால் இருந்தே இது இங்கே இருக்கிறது என்று நினைத்தபோது கையை எடுக்க மனசு வரவில்லை. பின்னால் அவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். காரில் ஏறி உட்கார்ந்ததும் கல்லின் வயதைச் சொன்னேன். "ஹவ்" என்று கியரை மாற்றினார்.

காதைப் பற்றிய நிகழ்ச்சியைக் கேட்டதும் ஒரு பஸ் பயணத்தில்தான். உடலியல் கற்பிக்கும் ஒரு பெண் பேசினாள். வெளியில் ஓர் இலை அசைகிறது, காற்று நடுங்குகிறது, அந்த நடுக்கம் காதுக்குள் ஒரு தோலைத் தட்டுகிறது. உடம்பிலேயே மிகச் சின்ன எலும்புகள் மூன்று அதை வாங்கிக் கைமாற்றி உள்ளே தருகின்றன. உள்ளே சுருண்டு கிடக்கும் நத்தைக்கூட்டில் ஒரு நீர். கடலில் இருந்த உயிர்கள் கரைக்கு வந்தபோது ஒரு சொட்டுக் கடலைக் காதுக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டன என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றாள். அந்த நீரில் மயிரிழைகள் நிற்கின்றன, அலை வந்து அவற்றைச் சாய்க்கிறது, அதுதான் நீங்கள் கேட்கும் என் குரல். அவள் குரல் என் காதுக்குள் இருந்துகொண்டு என் காதைப் பற்றியே சொல்கிறது! போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள். அந்த மயிரிழைகள் ஒரு முறை செத்தால் திரும்ப முளைக்காது. அதற்கும் நான் "ம்" என்றேன்.

வெயில் தொடங்கிய சமயம். ஒரு நாள் காலை பஸ்ஸில் உட்கார்ந்து இயர்பட்ஸைப் போட்டால் வலது பக்கம் பேச்சு வரவில்லை. சனியன், அதற்குள் கெட்டுப்போச்சா என்று திட்டிக்கொண்டே கழற்றினேன். முந்தானையால் துடைத்தேன். வீட்டுக்கு வந்து ஊக்கால் நோண்டி அழுக்கை எடுத்தேன். சார்ஜ் போட்டேன். ஃபோனை அணைத்துத் திறந்தேன். அந்த வாரம் முழுக்க இதே வேலை. வீட்டைச் சுற்றிச் சில்வண்டு வேறு விடாமல் கத்திக்கொண்டிருந்தது. வெயில் காலத்தில் வேப்ப மரத்தில் கத்துவது வழக்கம்தானே, இந்த வருஷம் ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டேன். மரத்தை நோக்கிக் கல்கூட வீசினேன்.

ஞாயிற்றுக்கிழமை மகளிடம் அதை நீட்டி, "நல்ல பொருளா பாத்து வாங்கிக் குடுக்கத் தெரியாதா உனக்கு? ஒரு பக்கம் செத்துப்போச்சு பாரு" என்றேன். அவள் வலது இயர்பட்டை எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டாள். "பாகானே உந்தி கதா, மம்மி" என்றாள். நன்றாகத்தானே இருக்கிறது என்கிறாள். பிறகு என்ன தோன்றியதோ, இடது பக்கத்து இயர்பட்டை எடுத்து என் வலது காதில் வைத்தாள்.

"நவ்?"

"நீ இன்னும் போடவே இல்லையே."

அவள் ஃபோனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "அம்மா, ஃபுல் சவுண்டுல இருக்கு. உனக்குக் கேக்கலையாம்மா?" என்றாள். என் மகள் என்னிடம் ஒரு முழு வாக்கியத்தைத் தமிழில் பேசி எத்தனை காலமோ ஆகியிருந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

மறுநாளே காது டாக்டரிடம் போனோம். சின்னப் பெண்தான், ஆனால் கெட்டிக்காரி. கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறைக்குள் என்னை உட்கார வைத்து, பெரிய ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். இடது காதில் ‘பீப்’ என்று வந்தது. நான் "ம்" என்றேன். அடுத்தது வந்தது. "ம்." வெளியில் இருந்த பெண் கதவைத் திறந்து, "மேடம், சொல்ல வேணாம், பட்டனை அமுக்குங்க" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு வலது காதுக்கு மாற்றினார்கள். பட்டனின் மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். சில்வண்டு கத்தியது. அந்த அறைக்குள் வேப்ப மரமும் இல்லை, வண்டும் இல்லை; கத்தியது என் காதுக்குள். வெளியில் அந்தப் பெண் எதையோ திருகிக்கொண்டே இருந்தாள். அமுக்குவதற்கு ஒன்றுமே வரவில்லை.

"முதல் நாளே வந்திருக்கணும், ஆன்ட்டி" என்றாள் டாக்டர். சிலருக்கு இப்படித் திடீரென்று போகும், காரணம் தெரியாது, சீக்கிரம் மருந்து கொடுத்தால் திரும்புவதற்கு வாய்ப்பு அதிகம் என்றாள். நான் அந்த வாரத்தை ஊக்கை வைத்து நோண்டியே கழித்துவிட்டேன் என்பதை எப்படிச் சொல்வது? மாத்திரை எழுதினாள், பிறகு காதுக்குள் ஊசியும் போட வேண்டியிருக்கும் என்றாள். வரலாம், வராமலும் போகலாம். ஹெட்போன், இயர்பட்ஸ் எதையும் தொடக் கூடாது. இருக்கிற காதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினாள்.

தெரியாதவளாக இருந்திருந்தால் நிம்மதியாக மாத்திரையை விழுங்கியிருப்பேன். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! ஒவ்வொரு மாத்திரையை விழுங்கும்போதும் அந்த நத்தைக்கூட்டுக்குள் மயிரிழைகள் சாய்ந்து கிடப்பது கண்ணில் தெரிந்தது. பள்ளிக்கு லீவு போட்டேன். ஒரு நாள் மனசு கேட்காமல், ஹாலில் ஃபோனை மேசை மேல் வைத்து, சத்தத்தைக் குறைத்து, பாசிக்காரப் பெண்மணியைப் போட்டேன். அவள் குரல் ஒரு பக்கமாக ஒடுங்கி, சுவருக்கு அப்பாலிருந்து பேசுவதுபோல வந்தது. அதற்கு மேல் சில்வண்டு. அந்தப் பிரியமான குரலை அப்படிக் கேட்க முடியவில்லை. அணைத்துவிட்டு அழுதேன். அதற்குப் பிறகு இடது காதாலும் கேட்கப் பயமாகிவிட்டது. இருக்கிற ஒன்றையும் செலவழித்துவிடுவேனோ என்று பயம். டீவி வேண்டாம், மிக்சி வேண்டாம், பாத்திரம் உருண்டால்கூடக் காதைப் பொத்திக்கொள்வேன்.

நான் அழுததை என் கணவர் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பது எங்கள் வீட்டில் பெரிய சம்பவம்.

மறுநாள் காலை காப்பி குடிக்கும்போது கேட்டார். "அந்தப் பொம்பள இன்னா பேசினா, நான் கேட்டுச் சொல்லட்டா?"

"நீங்களா?"

"ஹவ்."

ஃபோனையும் மகள் கொடுத்த இயர்பட்ஸையும் எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். நிகழ்ச்சி முடிந்ததும் வந்தார். என் வலப் பக்கம் நின்று எதையோ சொன்னார். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. இடப் பக்கம் வரச் சொன்னேன். வந்தார்.

"பாசியைப் பத்திதான். பச்சையா கீதாம். ஈரம் வேணுமாம்."

"அப்புறம்?"

"அவ்ளோதான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அது பச்சைன்னு எனக்கே தெரியும். இவ்வளவு நேரம் அவ பேசினதுல இதுதான் உங்க காதுல விழுந்துதா? ரெண்டு காது இருந்து இன்னா பிரயோஜனம் உங்களுக்கு?" என்று கத்திவிட்டேன். கத்தியது என் தலைக்குள்ளேயே எதிரொலித்தது. அவர் முகம் சுருங்கிப்போனது. நக்கோ, இவளிடம் பேச்சே வேண்டாம் என்று எழுந்து பேப்பருக்குப் பின்னால் போய்விடுவார், அதோடு இந்த நாடகம் முடிந்தது என்றே நினைத்தேன்.

போனார். பேப்பருக்குப் பின்னால் இல்லை, திரும்ப வராந்தாவுக்கு. நான் ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவ்வப்போது ஃபோனைத் தட்டி நிறுத்துவார், வானத்தைப் பார்ப்பார், பிறகு மறுபடி ஓடவிடுவார். உதடு அசைந்தது. எனக்குச் சத்தம் எட்டவில்லை, ஆனால் அந்த உதடு என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியாதா? ஹவ், ஹவ் என்று அந்தத் தீவுப் பெண்மணிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பேசவிட்டுப் பேப்பர் படித்த மனுஷன்!

அன்று மதியம் ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து என் இடப் பக்கம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சொன்னார். நான் ம் கொட்டினேன். அப்படித்தான் அது ஆரம்பித்தது. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த நாற்காலி என் இடப் பக்கம் வரும்.

நன்றாகச் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். பேர்களை மாற்றுவார், முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்வார், அவராகவே சேர்த்துக்கொள்வார். எறும்புக்காரரோடு அவருக்குக் கருத்து வேறுபாடே உண்டு. "அவன் சொல்றது தப்பு, நம்ம வீட்டு எறும்பு அப்படிப் போறதில்ல" என்று சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். ஆனால் ஒரு வரியையும் விடவில்லை. எங்கே அவர்கள் சிரித்தார்கள், எங்கே குக்கர் விசில் அடித்தது என்பதைக்கூடச் சொன்னார். பூட்டுக்காரன் ‘க்ளிக்’ என்று திறக்கிற இடம் வந்தால் நாக்கைத் தட்டி அந்தச் சத்தத்தை எழுப்பிவிட்டு, அவனைப் போலவே சிரித்துக் காட்டுவார்.

ஒரு நாள் அவசரமாக வந்தார். நாற்காலியைப் போடக்கூட இல்லை.

"எறும்புக்குக் காதே கெடையாதாம், தெரியுமா? காலால கேக்குதாம். தரை அதிர்ந்தா அதுக்குத் தெரிஞ்சுபோவுமாம்."

"ம்."

"அதனால ஒண்ணும் அது கெட்டுப்போயிடல. குடும்பம் நடத்திக்கினுதான் கீது."

ஆறுதல் சொல்கிறாராம்! சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் இரண்டையும் செய்தேன்.

காதுக்குள் ஊசி போட்டார்கள். அந்தக் கண்ணாடி அறையில் மறுபடி உட்கார்ந்தேன். டாக்டர் தாளைத் திருப்பிக் காட்டினாள். வலது காதின் கோடு கீழேயே கிடந்தது. "இன்னும் டைம் இருக்கு, ஆன்ட்டி" என்றாள். அவள் குரலில் முன்பிருந்த தைரியம் இல்லை. காரில் வரும்போது நாங்கள் பேசவில்லை. அவர் வண்டி ஓட்டினால் நான் அவருக்கு இடப் பக்கம், அவர் எனக்கு வலப் பக்கம். அந்தப் பக்கத்திலிருந்து எதுவும் எனக்கு வராது என்பது அவருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப்போனார். சொம்பில் தண்ணீர் எடுத்து, சுவரில் அப்பியிருந்த கறுப்பின் மேல் ஊற்றினார். நின்றோம். அவர் குனிந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். பச்சை எழுந்து வந்தது. நான் அவருக்கு அதை எப்போதோ சொல்லியிருந்தேன், அப்போது அவர் பேப்பருக்குப் பின்னால் இருந்தார். "இதுக்கு வேர்கூட இல்ல பாரு" என்றார், ஏதோ அவரே கண்டுபிடித்ததுபோல. பாசிக்கு உயிர் திரும்புகிறது, மயிரிழைக்குத் திரும்பாது என்று எனக்குத் தெரியும். காதைப் பற்றிய அந்த நிகழ்ச்சியை மட்டும் நான் அவரிடம் சொன்னதே இல்லை. நம்பிக்கையோடு சொம்பைக் கவிழ்க்கிற மனுஷனிடம் எப்படிச் சொல்வேன்?

நாள்கள் போயின. காது போனதிலிருந்து நான் இடது காது மேலே இருக்கும்படிதான் படுப்பேன். அதைத் தலையணையில் புதைத்தால் உலகம் மொத்தமாகச் செத்துவிடும், சில்வண்டு மட்டும் மிஞ்சும், அதைத் தாங்க முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அசந்து தூங்கிவிட்டேன். தூக்கத்தில் புரண்டிருக்கிறேன். விழித்தபோது இடது காது தலையணைக்குள். எதிர்பார்த்தபடி இரைச்சல். சட்டென்று எழுந்துகொள்ளத்தான் கையை ஊன்றினேன்.

அந்த இரைச்சலுக்கு அடியில் ஏதோ இருந்தது. தாழ்வாக, சொரசொரவென்று. கொஞ்சம் விட்டு மறுபடி வந்தது.

ஹவ்.

கனவோ என்று நினைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இடது காதை விரலால் அழுத்தி அடைத்து, தலையணைக்குள் இன்னும் ஆழமாகப் புதைத்தேன். ஏமாந்துவிடக் கூடாது. ஃபேன் சத்தம்கூடக் கேட்கவில்லை. பக்கத்து அறையிலிருந்து, திறந்த கதவு வழியாக, என் கணவரின் கட்டைக் குரல் என் வலது காதுக்குள் வந்துகொண்டிருந்தது. ஹவ். பிறகு ஏதோ முணுமுணுப்பு, அது தெளிவாக இல்லை. பிறகு மறுபடி, நிதானமாக, ஆச்சரியத்தோடு, ஹவ்… ஹவ்.

அந்த நீரில் எங்கோ சில மயிரிழைகள் சாகாமல் இருந்திருக்கின்றன. அவர் வாயில் நடுங்கிய காற்று அறையைத் தாண்டி வந்து, தோலைத் தட்டி, மூன்று எலும்புகள் கைமாற்றி, அவற்றைச் சாய்த்துவிட்டது. இத்தனை பேர் இத்தனை விஷயம் சொல்லி நான் வாய் பிளந்து கேட்டிருக்கிறேன். இதற்கு ஈடாக ஒன்றையும் நான் கேட்டதில்லை. அசையாமல் படுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன், கண்ணீர் தலையணையில் இறங்கியது.

கொஞ்ச நேரத்தில் அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் திரும்பி மல்லாந்து படுத்திருந்தேன். வழக்கம்போல இடப் பக்கம் போட்டு உட்கார்ந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"முழிச்சிட்டியா? இன்னிக்கு ஒண்ணு கேட்டேன். உன் ஃபோன்ல எங்கயோ அடியில கெடந்துச்சி. காதைப் பத்தி. நம்ம காதுக்குள்ள ஒரு சொட்டுக் கடல் கீதாம், தெரியுமா உனக்கு?"

அப்படியென்றால் மீதியையும் கேட்டிருக்கிறார். திரும்ப முளைக்காது என்பதையும். அதைச் சொல்லாமல் கடலை மட்டும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்திருக்கிறார். ஒரு வரியையும் விடாத மனுஷன்.

"அங்க வேணாம்" என்றேன். "நாற்காலியை இந்தப் பக்கம் போடுங்க."

"எந்தப் பக்கம்?"

வலது கையால் கட்டிலின் வலப் பக்கத்தைத் தட்டிக் காட்டினேன். அவருக்குப் புரியவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டே நின்றார். என் முகத்தைப் பார்த்தார், ஈரமான தலையணையைப் பார்த்தார், என் இடது காதை நான் விரலால் அடைத்துக்கொள்வதைப் பார்த்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கட்டிலைச் சுற்றி வந்தார். வந்த அவசரத்தில் அதன் கால் கட்டிலில் இடித்தது.

உட்கார்ந்து, என் வலது காதுக்குப் பக்கத்தில் குனிந்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். சொற்கள் அந்தக் காதுக்குள் உடைந்து உடைந்துதான் வந்தன.

"ம்" என்றேன்.